வலப்பக்கம் திறந்த ஆல்பம்

மட்டாஞ்சேரியில் அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே மூன்று படங்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீனவலை, வள்ளம், கடலில் இறங்கும் சூரியன். நல்ல படங்கள்தான், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது சுக்கு. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கும் கேட்டவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

நம் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிற கைப் படம் எப்படி வந்தது என்று நீங்கள் இருவரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் பாதி சொல்லி நிறுத்திவிடுவேன். யாராவது வந்துவிடுவார்கள், அல்லது உங்கள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதுவது பழக்கமில்லை. இருந்தாலும் இதை முழுதாக எழுதிவிடுகிறேன். படம் எடுத்தது சின்ன வேலை. எடுக்க விடுங்கள் என்று நாலு பேரிடம் போய்ச் சொல்லிச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. அது உங்களுக்கும் ஒரு நாள் உதவும்.

அப்போது பஜார் ரோட்டுக்குத் திரும்புகிற முனையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்தேன். நெகட்டிவ் கழுவுவது, பிரிண்ட் போடுவது, நாற்காலியில் உட்காருகிறவர்களின் தலையை நேராக்குவது எல்லாம் என் வேலை. வெலிங்டன் தீவில் துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகிறவர்களுக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் வேண்டும். அதற்காகத் தினமும் ஆட்கள் வருவார்கள். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, கடன் வாங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு உட்காருவார்கள். கழுத்துக்குக் கீழே படம் வராது. ஒரு நாள் காயப்போட்டிருந்த பிரிண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரில் ஒருவர் கைகூடப் படத்தில் இல்லை. பஜார் முழுக்க ஓடுவது அந்தக் கைகளால்.

அதிலும் சுக்குக் களம் என்னை விடவே இல்லை. தை பிறந்தால் இஞ்சி வரத் தொடங்கும். சரக்கு வைக்கிற பாண்டிகசாலைகளின் உள்முற்றத்தில் பெண்கள் இஞ்சியின் தோலைச் சீவி, சுண்ணாம்பு நீரில் முக்கி, வெயிலில் பரப்புவார்கள். கைவண்டி உள்ளே போக வாசல் கதவு திறக்கும்போது மட்டும் ஒரு நொடி தெரியும். வெள்ளைக் களம், வெள்ளைக் கைகள், மேலே வெயில். கதவு மூடிவிடும். கேமராவோடு நிற்கிறவனைக் கண்டால் வாசல்காரர் இன்னும் சீக்கிரமாக மூடுவார்.

முதலில் ஸ்டுடியோ முதலாளியிடம் கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன்.

"முதலாளி, எனக்குக் கொஞ்சம் உதவி வேணும்."

"எந்து உதவி?"

"பஜார்ல வேலை செய்யறவங்களைப் படம் எடுக்கணும். இஞ்சிக் களத்துல எல்லாம். நீங்க மனசு வச்சா..."

"மனசு எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாம் எடோ. அதுக்கு பிலிம் செலவாகாது." சிரித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் இருக்கு, குழந்தைக்குப் பேரிடற மாமோதீசா இருக்கு, சாவும் இருக்கு. இதெல்லாம் விட்டுட்டு இஞ்சியோ? இஞ்சியை ஆரு பாக்கும்?"

அன்று சுள்ளிக்கல்லில் நம் வாடகை வீட்டுக்குத் திரும்பி உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்ட என்ன வேணும்னு சொன்னீங்களா?"

"சொன்னேனே. உதவின்னு."

"எனக்கே இன்னும் என்ன வேணும்னு புரியல. அவருக்கு எப்படிப் புரியும்? உதவின்னு மொட்டையா கேட்டா, இவன் நம்ம தலையில எதைக் கட்டப் போறானோன்னுதான் தோணும்."

அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. யோசித்தேன். முதலாளி கிறிஸ்தவர். ஸ்டுடியோவுக்கு வருகிற கல்யாண வேலைகளில் முக்கால்வாசி சர்ச்சில் நடக்கிறவை. ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பது நாள் நோன்பு வந்தால் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. வெளி வேலைக்கு எடுத்துப்போகிற இரட்டை லென்ஸ் கேமரா அத்தனை நாளும் அலமாரியில் தூங்கும். சுக்குக் களம் நடப்பதும் அதே நாட்களில்தான்.

நோன்பு தொடங்குவதற்கு முன்பு மறுபடியும் போனேன். இந்தத் தடவை நின்றபடியே சொன்னேன்.

"நோம்பு முடியற வரைக்கும் காலையில ஸ்டுடியோ திறக்கறதுக்கு முன்னாடி அந்த கேமரா எனக்கு வேணும். அலமாரி அடியில தேதி கழிஞ்ச ரோல் கிடக்கு, யாருக்கும் போட மாட்டீங்க, அது வேணும். மத்தியானம் நீங்க உறங்கற நேரம் டார்க் ரூம் வேணும். அவ்வளவுதான்."

"பகரம் எனக்கு என்ன கிட்டும்?"

"முன்னாடி கண்ணாடி அலமாரியில ஒரு கல்யாணப் பொண்ணு வருஷக்கணக்கா வெயில்ல வெளுத்துட்டு நிக்குது. அதை எடுத்துட்டு, பஜார்ல போறவங்க எல்லாம் நின்னு பாக்கற மாதிரி ஒரு படம் வச்சுத் தரேன்."

அவர் எட்டிக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். "அந்தப் பொண்ணோட மூத்த பையன் ஸ்கூலுக்குப் போயித் தொடங்கியாச்சு," என்றார். பிறகு சாவியை மேஜை மேல் வைத்தார். "ஈஸ்டர் பிறந்தா கேமரா எனக்குத் திரும்ப வரணும். அப்புறம் கல்யாணம் வரிசையா நிக்கும். ஒரு நாள்கூடத் தர முடியாது."

கேமரா கிடைத்துவிட்டது. இனிக் கதவு. ஈஸ்டரோடு கேமரா போய்விடும். நடுவில் கோடை மழை இறங்கினால் இஞ்சியும் களத்தை விட்டுப் போய்விடும். அதற்குள் ஒரு பாண்டிகசாலைக் கதவு எனக்குத் திறக்கவில்லை என்றால் அந்த வருஷம் நான் எடுப்பதும் சீனவலையும் வள்ளமும்தான். அது நடக்கக் கூடாது என்று இருந்தேன்.

பஜாரில் பெரிய சுக்கு வியாபாரி ஒரு கச்சிக்காரச் சேட்டு, வடக்கேயிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம். வயதானவர். அவருடைய கணக்கர் பாலக்காட்டுத் தமிழர், நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம். அவர் மகளுக்கு வரன் பார்க்க அனுப்பிய போட்டோவுக்குப் பிரிண்ட் போட்டது நான். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு மச்சம் உண்டு, அதை அழிக்கச் சொல்லி அவர் கேட்டும் நான் அழிக்காமல் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். வரன் அமைந்துவிட்டது. அந்த உரிமையில் அவரிடம் போனேன். அவருக்குச் சேட்டிடம் நல்ல பேர் இருந்தது.

"சாமி, சேட்டைப் பாக்கணும். களத்துல படம் எடுக்க அனுமதி வேணும்."

"களத்துலயா? நன்னாச் சொன்னே போ. சரக்கு எவ்வளவு கிடக்குன்னு ஊருக்குத் தெரியப்படாதுன்னு வாசல்ல ஆள் போட்டு வச்சிருக்கார். நீ கேமராவைத் தூக்கிண்டு உள்ள போவியாம்."

"சரக்கை எடுக்க மாட்டேன். கையைத்தான்."

"அதை என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்டச் சொல்லு. ஆனா பேச்சால சொல்லாதே. நிறையப் பேசறவாளைக் கண்டா அவருக்கு ஆகாது. கையில குடுக்கற மாதிரி எதாவது கொண்டு வா. சாயந்தரம் தொழுகை முடிஞ்சு சாயா குடிப்பார், அப்போ வா."

எனவே ஒரு ஆல்பம் செய்தேன். கறுப்புத் தாள் ஆல்பம், ஓரங்களில் ஒட்டுகிற முக்கோணம். உள்ளே போக முடியாததால் வெளியே கிடைத்ததை வைத்து எடுத்தேன். வெலிங்டன் தீவுக்குப் போகிற போட்டிலிருந்து சேட்டின் கட்டடத்தை முழுதாக எடுத்தேன். படித்துறையில் சரக்கு இறங்கும் அவருடைய வள்ளம், கைவண்டி தள்ளுகிறவர்கள், மூட்டை ஏறிய ஒரு தோள். கடைசியாக ஒன்று. மத்தியானம் களத்துப் பெண்கள் சந்தில் சாயாக்கடைப் பக்கம் வந்து நிற்பார்கள். அவர்களில் மூத்தவளைக் கேட்டு, சாயா கிளாஸ் பிடித்திருந்த அவள் கையை மட்டும் எடுத்தேன். விரல் முழுக்கச் சுண்ணாம்பு, வெடித்த தோல், உடைந்த கட்டைவிரல் நகம், கிளாஸுக்குள் கறுப்புச் சாயா.

படங்களை வரிசைப்படுத்தும்போது உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தாள்.

"கையை முன்னாடி வைக்கலாமே."

"பெரிய மனுஷன். அவர் கட்டடத்தை முதல்ல பாக்கட்டும். மனசு குளிரட்டும். கையைக் கடைசியில காட்டுறேன்."

"குளிர்ந்த மனசோட ஆல்பத்தை மூடிட்டார்னா?"

ஆனாலும் கட்டடத்தைத்தான் முதல் பக்கத்தில் ஒட்டினேன். பெரியவர்களிடம் போகிறவன் அப்படித்தான் செய்வான் என்று நினைத்தேன்.

சேட்டின் வீடும் அறையும் பாண்டிகசாலை மாடியில்தான். தரையில் பாய், சாய்மானத்துக்குத் திண்டு, முன்னால் குட்டையான மேஜை. எங்கும் சுக்கு வாசனை. சாமி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். நான் சலாம் வைத்துவிட்டு ஆல்பத்தை மேஜை மேல் வைத்தேன், கட்டடம் இருக்கிற பக்கத்து முன்னட்டை மேலே தெரிகிற மாதிரி.

சேட்டு அதை எடுத்தார். அப்படியே கவிழ்த்துப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார்.

எனக்குக் கை முன்னால் போய்விட்டது, நேராகத் திருப்பி வைக்க. சாமி கண்ணாலேயே என்னை அடக்கினார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. சின்ன வயதில் வலமிருந்து இடமாக அரபு ஓதப் பழகிய நாளிலிருந்து அவர் புத்தகத்தை அந்தப் பக்கத்திலிருந்து திறந்து பழகியவர். வேறு எழுத்தும் படிப்பார். ஆனால் எழுத்தில்லாத ஒரு புத்தகத்தை அவர் கை தன் பழக்கப்படிதான் திறந்தது. நான் இத்தனை நாள் ஸ்டுடியோவில் எத்தனையோ பேர் ஆல்பம் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே அவர் முதலில் பார்த்தது சுண்ணாம்புக் கையும் சாயா கிளாஸும்.

வெகுநேரம் பார்த்தார். பக்கத்திலிருந்த சாயா ஆறியது.

"இது ஆருடெ கை?"

"இங்க களத்துல வேலை செய்யற சேச்சியோட கை, சேட்டே."

"எண்டெ களத்திலா?" சாமியைப் பார்த்தார். "விளிக்கு."

சாமி ஆளனுப்பினார். என்னால் அந்த அம்மாளுக்கு வேலை போனால் நான் அந்தச் சந்தில் எப்படி நடப்பேன்? அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். சேட்டு ஆல்பத்தை அவள் பக்கம் திருப்பினார். பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"கிளாஸைத் திரும்பக் கொடுத்தாச்சு சேட்டே. சாயாக்கடைக்காரனைக் கேட்டுப் பாருங்க. சத்தியமாக் கொடுத்தாச்சு."

சாமிக்கு இருமல் வந்தது. சேட்டு சிரிக்கவில்லை, ஆனால் தாடி அசைந்தது.

"கிளாஸை ஆரும் கேக்கல. கை உன்னோடதா?"

அவள் குனிந்து பார்த்தாள். தன் கட்டைவிரலை நீட்டிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நகம் என்னோடதுதான்," என்றாள். "கைக்கு இத்தனை வயசாயோ? நான் கண்டதே இல்ல."

சேட்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கைக்குப் பிறகு மூட்டை ஏறிய தோள். பிறகு கைவண்டி. பிறகு வள்ளம். கடைசியில் கட்டடம். அதைக் கண்டதும் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்லா வச்சிருக்கே. முதல்ல கை. பின்ன சுமடு, பின்ன வண்டி, பின்ன வள்ளம். ஒடுக்கம் எண்டெ வீடு. இது சரியான வழி. சரக்கு இப்படித்தான் வீடாகுது."

சாமி என்னை 'வாயைத் திறக்காதே' என்பது போலப் பார்த்தார். ஆனால் பாராட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு அந்த அறையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் வச்சது மாத்தி, சேட்டே. கட்டடம்தான் முன்னாடி. நீங்க தலைகீழாத் திறந்துட்டீங்க."

"தலைகீழ் உனக்கு," என்றார். "எனக்கு இதுதான் நேர்." ஆறின சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். "இனி சொல்லு. என்ன வேணும்?"

முதலாளியிடம் கற்றது இங்கே உதவியது. ஈஸ்டர் வரைக்கும் காலையில் களத்துக்குள் வர அனுமதி வேண்டும். சரக்கு மூட்டை ஒன்றுகூடப் படத்தில் வராது, எடுக்கிற எல்லாவற்றையும் முதலில் சாமியிடம் காட்டிவிடுவேன். கடைசியில் ஒரு நாள் களத்துச் சுவரோரம் அந்தப் படங்களைக் கட்டித் தொங்கவிட வேண்டும், படத்தில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும். இவ்வளவையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

"எனக்குச் சம்மதம்," என்றார். பிறகு அந்த அம்மாள் பக்கம் கையைக் காட்டினார். "கை எண்டெது இல்லியே. அவளைக் கேளு."

நான் இதை நினைத்துக்கொண்டு வரவில்லை. அவளோ நினைத்தே வைத்திருந்தாள் போலிருந்தது.

"கை மட்டும் எடுத்தாப் போதாது மோனே. எல்லாருக்கும் மூஞ்சி வச்சு ஒரு போட்டோ வேணும், வீட்டுக்குக் கொண்டுபோக. சுண்ணாம்பு மூஞ்சி வேண்டா. கழுவிட்டு, தலை வாரிட்டு."

"ஸ்டுடியோவுல எடுக்கற மாதிரியா?"

"பின்னே இல்லாம? உன்னோட ஸ்டுடியோவுக்கு நாங்க வர முடியுமா? நீதானே எங்க ஸ்டுடியோவுக்கு வந்திருக்கே."

சேட்டு இப்போது சத்தமாகவே சிரித்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை வாசல்காரர் கதவைத் திறந்தபோது என்னைப் பார்க்கவே இல்லை, கேமராவைத்தான் முறைத்தார். அந்தக் களத்துக்குள் நான் பார்த்த வெளிச்சத்தை இன்னும் மறக்கவில்லை. இரட்டை லென்ஸ் கேமராவில் மேலே குனிந்துதான் பார்க்க வேண்டும், கண்ணில் வைத்துக் குறிபார்க்க முடியாது. அதனால் யாருக்கும் கூச்சம் வரவில்லை. "கும்பிட்டுக்கிட்டே படம் எடுக்கறான்," என்று ஒருத்தி சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சீவுகிற கை, முக்குகிற கை, பரப்புகிற கை, சுண்ணாம்பு எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிற கை எல்லாம் எடுத்தேன். மூட்டைகள் இருந்த பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

முகப் படங்களைக் கிணற்றடியில் எடுத்தோம். ஒரே ஒரு ஜோடிக் கம்மல்தான் நன்றாக இருந்தது. ஒருத்தி எடுத்து முடித்ததும் கழற்றி அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லோரும் ஒரே தட்டானிடம் நகை செய்தவர்கள் போல இருப்பார்கள். முதலாளி டார்க் ரூமில் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்மலுக்குத் தனியா ஒரு பாஸ் கொடுக்கணும்," என்றார்.

தேதி கழிந்த ரோல்கள் சில மங்கலாக வந்தன. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சுண்ணாம்பு பறக்கிற இடத்தில் மங்கல் பொருந்தத்தான் செய்தது.

ஈஸ்டருக்கு முதல் நாள் சாயந்தரம், களத்துத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று காலையிலேயே யோசித்து முடிவு செய்திருந்தேன். கயிற்றின் இரண்டு முனையிலும் கை. இரண்டு பக்கத்திலிருந்தும் தோள், வண்டி, வள்ளம் என்று உள்ளே வரும். நடுவில் கட்டடம். யார் எங்கிருந்து வந்தாலும் முதலில் கையைத்தான் பார்க்க வேண்டும்.

சேட்டு வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார், கைத்தடியை ஊன்றி மெதுவாக. பெண்கள் இடப்பக்கத்திலிருந்து கூட்டமாக வந்தார்கள். முகமே இல்லாத படங்களில் தங்கள் கையைத் தாங்களே கண்டுபிடித்தார்கள், பக்கத்தில் இருந்தவளின் கையையும் கண்டுபிடித்தார்கள். "இது நீ. அந்த நீட்டு விரல் உனக்குத்தான்." முதலாளியும் நோன்புக் களைப்போடு வந்திருந்தார். சாமி, அந்தத் தெருவில் இருக்கிற வாசகசாலையின் காரியதரிசியை அழைத்து வந்திருந்தார். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தக் கயிற்றை அப்படியே வாசகசாலையிலும் கட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன், அங்கே ஜன்னலை மறைக்கிற அலமாரியை நகர்த்தித் தந்தால்.

சேட்டும் அந்த அம்மாளும் நடுவில் வந்து சந்தித்தார்கள், கட்டடத்துக்கு முன்னால். இருவரும் சேர்ந்து நின்று பார்த்தார்கள்.

"வீடு கொள்ளாம், நல்லாயிருக்கு சேட்டே," என்றாள் அவள். "சுண்ணாம்பு அடிக்கணும். நாங்க வேணும்னா கையை வச்சுத் தரோம்."

பிறகு சேட்டு, அந்தக் கைப் படத்தில் இன்னொரு பிரதி தன் அறைக்கு வேண்டும் என்று சாமி மூலமாகச் சொல்லியனுப்பினார். அடுத்த மழைக்கு முன்பு கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை கேமராவைத் துடைத்துக்கொண்டுபோய் முதலாளியின் மேஜை மேல் வைத்தேன். கண்ணாடி அலமாரியில் கல்யாணப் பெண் இருந்த இடத்தில் கை இருந்தது. வெளியே இரண்டு சுமைக்காரர்கள் நின்று அதைப் பார்த்து ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. விரலால் தட்டிவிட்டார்.

"அடுத்த நோம்புக்கு எந்தா?" என்றார்.

"கும்பளங்கித் தீவுல. வலைக்காரங்களோட முதுகு," என்றேன். எது வேண்டும், எப்போது வேண்டும், அவருக்கு என்ன கிடைக்கும் என்று அடுத்ததாகச் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவர் குனிந்து, அலமாரி அடியில் இன்னும் எத்தனை ரோல் மீதி கிடக்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்.